வேப்பில் கலோரி உண்டா? என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கிள்ளானில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் அல்லது எடை குறைக்க வந்தவர்கள். காலைத் தே தாரிக்கிலிருந்து இரவு நாசி லெமாக் வரை சாப்பிட்டதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கிளம்பும்போது கதவருகே நின்று, வேப் என்ற மின்சிகரெட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள்: "வேப் இழுக்கிறேனே, அதையும் இந்தக் கணக்கில் எழுத வேண்டுமா?"

பையனின் பள்ளிப் பையில் எதையோ கண்டெடுத்த அம்மாக்கள் கேட்கிறார்கள். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய லாரி ஓட்டுநர்கள் கேட்கிறார்கள். கோயில் மண்டபத்தில் உணவைப் பற்றிப் பேசப் போனால் அங்கேயும் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். ஒவ்வொருவருக்கும் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

அக்கா, வேப் இழுத்தால் கலோரி சேருமா, சேராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

சேராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேப் திரவத்தில் கலோரி இருப்பது உண்மை. ஆனால் சாதாரணமாக ஒருவர் ஒரு நாளில் இழுக்கும் அளவை எடுத்துக்கொண்டால், அது ஒரு சின்னக் கரண்டி சர்க்கரைக்குக்கூட எட்டாது. உங்கள் எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இதோடு எழுந்து போய்விடாதீர்கள். "கலோரி இல்லை" என்று சொன்ன கணத்தில் கேட்டவரின் முகம் தெளிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "அப்படியானால் பரவாயில்லை" என்று அவர் மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார். அந்த முடிவு தவறு. மீதிக் கேள்விகளை நான் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அந்தத் திரவத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

நான்கு பொருள்கள். புரோப்பிலீன் கிளைக்கால், வெஜிடபிள் கிளிசரின் என்ற இரண்டு தெளிந்த நீர்மங்கள்தான் பெரும்பகுதி. மூன்றாவது நிகோடின். நான்காவது வாசனையும் சுவையும் தரும் சேர்மானங்கள். கருவிக்குள் இருக்கும் சிறு கம்பிச்சுருள் பேட்டரியின் மின்சாரத்தில் சூடாகி இந்தத் திரவத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறது. வெளியே வரும் வெண்புகை தண்ணீர் ஆவி என்று பலர் நினைக்கிறார்கள். அது நிகோடினும் சுவைச் சேர்மானங்களும் கலந்த மிக நுண்ணிய துளிகளின் மூட்டம்.

கிளிசரின் நமக்குப் புதிதில்லை. இருமல் மருந்திலும், கேக்கின் மேல் பூச்சிலும், பற்பசையிலும் இருக்கிறது. லேசான இனிப்பு உண்டு, கொழகொழப்பாக இருக்கும். புரோப்பிலீன் கிளைக்காலையும் உணவில் சிறிதளவு சேர்க்க அனுமதி உண்டு. கலோரி பற்றிய சந்தேகமே இங்கிருந்துதான் பிறக்கிறது. உணவில் போடுகிற பொருள் என்றால் சக்தியும் இருக்க வேண்டுமே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சரி, கணக்காகச் சொல்லுங்கள். ஒரு மில்லிக்கு எத்தனை கலோரி?

இரண்டு நீர்மங்களிலும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி. கிளிசரின் தண்ணீரைவிடக் கனமானது. ஒரு மில்லி 1.26 கிராம் இருக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் ஒரு மில்லிக்கு 1.04 கிராம். கடைகளில் அதிகம் கிடைக்கும், கிளிசரின் 70க்குப் புரோப்பிலீன் கிளைக்கால் 30 என்ற கலவையைக் கணக்கிட்டால், ஒரு மில்லி திரவத்தில் சுமார் 5 கலோரி வரும்.

நாளைக்கு 2 மில்லி இழுப்பவருக்கு 10 கலோரி. அதுவும் அத்தனையும் உடலுக்குள் தங்கினால்தான். ஒரு பகுதி வெளியே ஊதும் புகையோடு போய்விடுகிறது. நுரையீரல் வழியாக உள்ளே போவதைக் கல்லீரல் உடைக்கிறது. புரோப்பிலீன் கிளைக்கால் லாக்டிக் அமிலமாகவும், கிளிசரின் குளுக்கோஸ் உருவாகும் பாதையிலும் போய்ச் சேர்கின்றன. ஆகவே உடல் அதைப் பயன்படுத்தவே செய்கிறது, ஆனால் அளவு மிகச் சிறியது. ஒரு சொட்டும் வீணாகாமல் ஓராண்டு முழுக்கச் சேர்ந்தாலும் 3,650 கலோரி. அரைக் கிலோ கொழுப்புக்கும் குறைவு.

அதற்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். என் மேசையில் ஒரு சமையல் தராசு வைத்திருக்கிறேன். தே தாரிக் குடிப்பவர்களிடம், "உங்கள் கடையில் ஊற்றுவது போலவே இந்தக் கிளாஸில் கெட்டிப்பாலை ஊற்றுங்கள்" என்று டின்னைக் கையில் கொடுப்பேன். பெரும்பாலும் இரண்டு பெரிய கரண்டி விழும், 40 கிராம். அதில் மட்டும் சுமார் 130 கலோரி. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300. வேப்பின் 10 கலோரியைப் பற்றிக் கவலைப்பட்டவர் அந்தத் தராசைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார்.

மாம்பழம், தர்பூசணி, கேக் என்று இனிக்கிறதே, சர்க்கரை இல்லாமல் எப்படி இனிக்கும்?

பெரும்பாலும் சுக்ரலோஸ். சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பான செயற்கைப் பொருள். ஒரு துளி போதும், கலோரி கணக்கில் வராது. கிளிசரினுக்கே உள்ள இனிப்பும் சேர்ந்துகொள்கிறது. பழ வாசனைக்கு எஸ்டர்கள், கேக் வாசனைக்கு வனிலின், எத்தில் மால்டால் போன்ற வேதிப்பொருள்கள். மாம்பழச் சுவை வேப்புக்குள் மாம்பழம் கிடையாது. சில திரவங்களைச் சோதித்தபோது மிகச் சிறிதளவு சர்க்கரையும் தென்பட்டிருக்கிறது. அதுவும் கலோரிக் கணக்கை மாற்றும் அளவு இல்லை.

இனிப்பு அதிகமான திரவம் கம்பிச்சுருளைச் சீக்கிரம் கருக்கிவிடும் என்பது வேப் இழுப்பவர்களுக்கே தெரியும். சுருளைக் கழற்றினால் பாகு தீய்ந்த பாத்திரத்தின் அடி போலக் கறுப்பாக ஒட்டியிருக்கும். ஒருவர் அதைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து எனக்குக் காட்டினார். கம்பியில் ஒட்டியது அது. ஒட்டாமல் ஆவியோடு போனது எங்கே போயிருக்கும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

பாட்டிலில் ஏன் கலோரி அளவு போடவில்லை? மறைக்கிறார்களா?

இல்லை. ஊட்டச்சத்துப் பட்டியல் உணவுப் பொருளுக்குத்தான் கேட்கப்படுகிறது. வேப் உணவில்லை. கொசுவர்த்திக்கும் அந்தப் பட்டியல் கிடையாது.

என் தோழி வேப் இழுத்து 5 கிலோ இளைத்துவிட்டாள். எனக்கும் பசி அடங்குகிறது. எடை குறைக்க இதைப் பயன்படுத்தலாமா?

பசி அடங்குவது கற்பனை இல்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் "வயிறு நிறைந்துவிட்டது, போதும்" என்ற செய்தியைத் தரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. நிகோடின் நேராகப் போய் அவற்றைத் தட்டுகிறது. உடல் எரிக்கும் சக்தியும் கொஞ்சம் கூடுகிறது. ஆகவே எடை குறையலாம். ஆனால் அதை வேப்பின் சாதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை உணவே சாப்பிடாமல் இழுத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குச் சேராமல் போவது கலோரி மட்டுமில்லை. புரதமும் இரும்புச்சத்தும் கால்சியமும் சேர்ந்தே போகின்றன. முடி கொட்டுகிறது, படி ஏறினால் தலை சுற்றுகிறது என்று பிறகு வந்து நிற்பார்கள்.

இந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்வதும் புதிதில்லை. 1928-ல் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் என்ற சிகரெட்டைத் தயாரித்த நிறுவனம் "இனிப்புக்குப் பதில் ஒரு லக்கியை எடுங்கள்" என்று விளம்பரம் செய்து, ஒல்லியாக இருக்க விரும்பிய பெண்களைச் சிகரெட் பக்கம் இழுத்தது. மிட்டாய் தயாரிப்பாளர்கள் கொதித்துப் போனார்கள். சிகரெட் பிடித்த அந்தத் தலைமுறைப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் எப்படி ஏறியது என்பது மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. நிகோடினால் அடங்கிய பசி, நிகோடினை நிறுத்தியதும் திரும்பி வரும். ஆகவே எடைக்காகத் தொடங்கியவர்கள், எடைக்குப் பயந்தே விட முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் தோழியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: இன்று அவளால் அதை ஒரு வாரம் தொடாமல் இருக்க முடிகிறதா?

எடை குறைக்கும் வேப், வைட்டமின் வேப் என்றெல்லாம் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். வைட்டமின் குடலின் வழியாகச் சேர வேண்டியது. மூச்சில் இழுத்துச் சேர்க்கும் பொருளில்லை. 2010-லேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சில விற்பனையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எடை குறைக்கும் என்று சொல்லி விற்ற திரவம் அதில் ஒன்று. அந்த விவகாரத்தில் அடிபட்ட பெயர் ரிமோனபன்ட். மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டும் அபாயத்தால் ஐரோப்பாவில் அதற்கு முன்பே கைவிடப்பட்ட மருந்து அது.

எனக்கு 12 வருடமாக இனிப்பு நீர். சர்க்கரை இல்லை, கலோரியும் இல்லை என்கிறீர்கள். அப்படியானால் எனக்கு வேப் ஆகும்தானே?

ஆகாது, ஐயா. திரவத்தின் இனிப்பு உங்கள் சர்க்கரையை ஏற்றாது. அதை மேலேயே சொல்லிவிட்டேன். ஏற்றுவது நிகோடின். அது அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது, கல்லீரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை இரத்தத்தில் விடுகிறது. அதோடு உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதும் குறைகிறது. ஆகவே நீங்கள் ஒரு பருக்கைகூடச் சாப்பிடாமலே சர்க்கரை ஏற வழி உண்டு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இரண்டாம் வகை இனிப்பு நீர் வரும் வாய்ப்பு, பிடிக்காதவர்களைவிட 30 முதல் 40 விழுக்காடு அதிகம் என்று அமெரிக்கப் பொது சுகாதாரத் தலைமை மருத்துவரின் 2014 அறிக்கை சொல்கிறது. அது சிகரெட்டின் கணக்கு. வேப்பிலும் இருப்பது அதே நிகோடின்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் கால்களைப் பற்றி. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இனிப்பு நீர் ஏற்கனவே பாதத்தின் சிறு குழாய்களை அடைத்துக்கொண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு செருப்புக் கடி ஆறுவதற்கு மாதக் கணக்காகலாம். என்னிடம் வரும் ஒருவருக்குக் கட்டைவிரலில் நகம் வெட்டும்போது பட்ட கீறல். அரிசி அளவுதான் இருந்தது. மூன்று மாதம் கட்டுப் போட்டார். சோற்றைக் குறைத்தார், தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார், வேப்பை மட்டும் நிறுத்தவில்லை. அதில் சர்க்கரை இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கடைசியில் அதையும் கீழே வைத்தார். புண் ஆறியது. அதனால் மட்டுமே ஆறியது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அவர் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

காலையில் இரத்தப் பரிசோதனைக்குச் சாப்பிடாமல் வரச் சொன்னார்கள். வேப் இழுக்கலாமா? கலோரிதான் இல்லையே.

வேண்டாம். முந்தைய பதிலில் சொன்ன காரணம்தான்: வெறும் வயிற்றுச் சர்க்கரையை அளக்கும் நேரத்தில் நிகோடின் அதைக் கலைத்துவிடலாம். அன்று காலை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போங்கள்.

அறுவை சிகிச்சை என்றால் இன்னும் கவனம் தேவை. மயக்க மருத்துவர் "புகைப்பீர்களா?" என்று கேட்கும்போது, "சிகரெட் இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வேப்பையும் சொல்லுங்கள். மூச்சுக்குழாயின் நிலை அவருக்குத் தெரிய வேண்டும்.

விரதம் இருக்கும்போது இழுத்தால் விரதம் முறியுமா?

மூன்று விதமான ஆட்கள் இதைக் கேட்கிறார்கள். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் உணவு முறையில் இருப்பவர்களுக்கு: கலோரியால் முறியாது. ஆனால் வெறும் வயிற்றில் நிகோடின் குமட்டலையும் படபடப்பையும் தரும்.

நோன்பு இருக்கும் நம் முஸ்லிம் சகோதரர்களுக்கு இதில் நான் சொல்ல எதுவுமில்லை; வேப் இழுத்தால் நோன்பு முறியும் என்று மலேசியச் சமய அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். 2015 டிசம்பரிலேயே தேசிய ஃபத்வா மன்றம் மின்சிகரெட்டை ஹராம் என்று அறிவித்துவிட்டது.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் பிள்ளைகளுக்கு: மாமிசம் தொடாமல், தரையில் படுத்து, நாள் கணக்காக மனத்தைக் கட்டிவைக்கிறீர்கள். அதற்கு நடுவே வேப்பில் கலோரி எவ்வளவு என்று கேட்பது உங்கள் விரதத்துக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே யோசியுங்கள். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏற உங்களுக்கு முழு மூச்சு வேண்டும். அந்த நாட்களையே விடுவதற்கான தொடக்கமாக வைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இருவர் அதற்குப் பிறகும் திரும்பவில்லை.

சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினேன். நான்கு கிலோ ஏறிவிட்டது. வேப் கலோரிதானே காரணம்?

இல்லை. மூன்றாவது கேள்வியின் கணக்கைப் பாருங்கள், நான்கு கிலோவுக்கு அதில் இடமே இல்லை. சிகரெட்டை நிறுத்துகிறவர்களுக்கு முதல் ஆண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுவது உலகெங்கும் பார்க்கப்பட்ட ஒன்று. மரத்துப்போன நாக்கும் மூக்கும் விழித்துக்கொள்கின்றன. சாம்பாரின் வாசனை மறுபடி தெரிகிறது. நீங்கள் இழுக்கும் வேப்பில் முன்பைவிட நிகோடின் குறைவாக இருந்தால் பசியும் கூடும்.

சிகரெட்டை முழுக்க விட்டது நல்லதுதான்; எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இப்போது உள்ளே போவதில்லை. அந்த நான்கு கிலோவுக்காகத் திரும்பச் சிகரெட்டை எடுத்துவிடாதீர்கள். எடையை நாம் சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வேப்பிலேயே நின்றுவிடாமல் அதையும் இறக்கி வைக்க ஒரு நாள் குறியுங்கள். பகலில் வேப், இரவில் நண்பர்களோடு சிகரெட் என்று இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு மாறியதன் பலன் கிடைப்பதில்லை.

இனிப்பு சாப்பிடும் ஆசை வந்தால் கேக் சுவை வேப் இழுத்து அடக்கிக்கொள்கிறேன். நல்ல யோசனைதானே?

சிலருக்கு ஆசை அடங்குகிறது, சிலருக்கு நாக்கில் இனிப்பு பட்டதும் இன்னும் ஏதாவது வேண்டும் போலிருக்கிறது. எப்படியானாலும், அரைத் துண்டு கேக்கைத் தவிர்க்க நிகோடினுக்கு அடிமையாவது பெரிய நஷ்டம். அரைத் துண்டு கேக்கையே சாப்பிடுங்கள். இதை ஓர் ஊட்டச்சத்து ஆலோசகர் சொல்கிறார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இல்லையென்றால் பல்லுக்குக் கெடுதல் இல்லைதானே?

இருக்கிறது. புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும் பொருள், வாய் உலர்ந்துபோகும். எச்சில்தான் பல்லுக்குக் காவல். தாகம் தீர ஒரு டின் குளிர்பானத்தை உடைத்தால், வேப்பில் இல்லாத சர்க்கரை அந்த வழியாக வந்துவிடும். வாய் உலர்ந்தால் தண்ணீர் குடியுங்கள்.

நிகோடின் இல்லாத வேப் என்றால்? கலோரியும் இல்லை, நிகோடினும் இல்லை, வெறும் வாசனைதானே?

அட்டையில் நிகோடின் இல்லை என்று போட்டிருந்தும் சோதனையில் இருந்தது என்பது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அதை விடுவோம். உண்மையிலேயே இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சாப்பிடலாம் என்று அனுமதித்த பொருளை மூச்சில் இழுக்கலாம் என்று யாரும் அனுமதிக்கவில்லை. இதுதான் எனக்கு முக்கியம். நம் வயிற்றுக்கு அமிலம் இருக்கிறது, குடலுக்குச் சுவர் இருக்கிறது, அதைத் தாண்டினால் கல்லீரல் நிற்கிறது. வேண்டாததை வாந்தியாகவோ பேதியாகவோ தள்ளிவிட வயிற்றுக்குத் தெரியும். நுரையீரலின் காற்றுப் பைகளுக்கு அந்த வசதி எதுவும் இல்லை. அவற்றின் சுவர் வெங்காயத் தோலைவிட மெல்லியது. மறுபக்கம் உடனே இரத்தம்.

இரண்டு உதாரணம். டையசெட்டில் என்ற பொருள் வெண்ணெய் வாசனை தரும். பாப்கார்னில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பாப்கார்ன் தொழிற்சாலையில் அதன் ஆவியை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல் சிறுகுழாய்கள் தழும்பேறிச் சுருங்கிப்போயிருப்பது தெரியவந்தது. அது ஆறாத நோய். பிறகு வேப் திரவங்கள் சிலவற்றிலும் டையசெட்டில் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

இரண்டாவது, 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்த இளைஞர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைகளில் சேர்ந்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் அனுமதிக்கப்பட்டார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். முக்கியக் காரணமாகக் கண்டது வைட்டமின் ஈ அசிடேட். பெரும்பாலும் கஞ்சாச் சத்துள்ள திரவத்தில் அதைக் கலந்திருந்தார்கள். அதே வைட்டமின் ஈயை மாத்திரையாக விழுங்குகிறோம், முகத்தில் பூசுகிறோம். ஒன்றும் ஆவதில்லை. கலோரி அட்டவணையில் அதற்கு ஒரு கெட்ட பெயரும் கிடையாது.

கிளிசரின் அதிகமுள்ளதா, புரோப்பிலீன் கிளைக்கால் அதிகமுள்ளதா, எதில் கலோரி குறைவு?

கிளிசரின் கனமானது என்பதால் மில்லிக்கு ஒரு கலோரி அளவுக்கு அதில் கூடுதல். இதை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை.

பெரிய கருவியில் நாளைக்கு 15 மில்லி இழுக்கிறேன். எனக்கும் அதே பதிலா?

உங்களுக்கு 75 கலோரி வரை கணக்கு வரலாம். வெளியே ஊதுவதைக் கழித்தால் இன்னும் குறைவு. கெட்டிப்பால் ஒரு கரண்டிக்குச் சற்று மேல். கலோரியைப் பொறுத்தவரை அதே பதில்தான். மற்றதைப் பொறுத்தவரை, 15 மில்லி திரவத்தை ஒவ்வொரு நாளும் ஆவியாக்கி நுரையீரலுக்குள் அனுப்புகிறீர்கள். ஒரு மருந்து மூடியில் 15 மில்லி தண்ணீரை ஊற்றிக் கையில் வைத்துப் பாருங்கள்.

என் மகனின் பையில் இதைக் கண்டெடுத்தேன். "அம்மா, இதில் கலோரிகூடக் கிடையாது" என்கிறான். என்ன சொல்வது?

அந்த அம்மா அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். பிரித்தால், எழுத்துக்களுக்கு மேல் நிறம் பூசும் மார்க்கர் பேனா அளவு. வெளிர்ப் பச்சையும் இளஞ்சிவப்பும். தர்பூசணித் துண்டின் படம். மூக்கருகே கொண்டுபோனால் பிள்ளைகள் வாங்கும் சூயிங்கம் வாசனை. பின்பக்கம் பொடி எழுத்தில் 12 மில்லி, 5 விழுக்காடு என்று இருந்தது. அவருக்குக் கண்ணாடி இல்லாமல் அது தெரியவில்லை. நான் படித்துச் சொன்னேன்.

பையன் சொன்னது சரிதான். அந்தக் கருவி முழுவதிலும் 60 கலோரிதான். ஆனால் 5 விழுக்காடு என்றால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் நிகோடின். 12 மில்லியில் 600 மில்லிகிராம். ஒரு சிகரெட் பிடிக்கும்போது உடலுக்குள் போகும் நிகோடின் ஒன்று, ஒன்றரை மில்லிகிராம்தான். கருவியில் இருப்பது அத்தனையும் உடலில் ஏறிவிடாது என்றாலும், ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் புத்தகப் பையில் எத்தனை சிகரெட்டுக்கு ஈடானது கிடந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவனோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். கணக்குத் தெரிந்த பிள்ளைதான், கலோரி பேசுகிறானே. மூளை இருபத்தைந்து வயது வரை வளர்கிறது, அந்த வயதில் நிகோடின் பிடித்தால் பிடி இறுகும் என்பதையும் சொல்லுங்கள். அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை இன்னும் நன்றாக ஒளித்துவைப்பான்.

அவன் தனியாக இல்லை. நம் நாட்டில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் வேப் இழுப்பவர்கள் 2017-ல் 9.8 விழுக்காடு, 2022 ஆய்வில் 14.9. 2023 மார்ச் 31-ல் திரவ நிகோடினை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் விற்கக்கூடாது என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ல். நடுவில் ஒன்றரை ஆண்டு, கடைக்காரரைத் தடுக்கச் சட்டம் இல்லை. அந்த ஒன்றரை ஆண்டில் பழகிய பிள்ளைகள் இப்போது என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். எனக்கு அது ஆறவே இல்லை.

திரவத்தைக் குழந்தை குடித்துவிட்டால்? கலோரி குறைவு என்பதால் ஒன்றும் ஆகாதா?

உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கலோரி என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. மேலே சொன்ன 5 விழுக்காடு நிகோடின் உள்ள திரவம் ஒரு சின்னக் கரண்டி போதும், சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. வாந்தி, வெளிறிய முகம், வியர்வை, வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எவ்வளவு நிகோடின் என்று மருத்துவர் பார்க்க வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையம் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் வழிகாட்டுகிறது. தோலில் சிந்தினாலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பழ வாசனை வரும் பாட்டிலை மருந்து அலமாரியைவிட உயரத்தில் வையுங்கள்.

கணவர் வீட்டுக்குள் ஊதுகிறார். எனக்கு ஐந்து மாதம். எனக்கும் குழந்தைக்கும் ஏதாவது சேருமா?

கலோரி சேராது. நிகோடினும் நுண்துளிகளும் சேரும். நிகோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அவரை வெளியே போய் இழுக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த முறை பரிசோதனைக்கு அவரையும் அழைத்து வாருங்கள், தாதியே சொல்வார். நீங்களே இழுப்பவராக இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வேப்பை விட்டால் எடை ஏறுமே, அதற்கு என்ன வழி?

கொஞ்சம் ஏறலாம், காரணம் மேலே சிகரெட்டுக்குச் சொன்னதுதான். விடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சாப்பாட்டைச் சீராக்குங்கள். காலையில் முட்டையோ பருப்போ இருக்கட்டும், வயிறு தாங்கும். கைக்கும் வாய்க்கும் வேலை வேண்டும் என்பதால் சிங்குவாங், வெள்ளரி, கொய்யா நறுக்கி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏக்கம் வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களுக்கு எழுந்து நடங்கள். சாப்பிட்டவுடன் இழுக்கும் பழக்கம்தான் கடைசிவரை நிற்கும். ஆகவே சாப்பிட்டதும் தட்டை நீங்களே கழுவுங்கள். ஈரக் கையால் வேப்பை எடுக்க முடியாது. ஓர் அண்ணன் சொல்லிக்கொடுத்தது இது, பலருக்குப் பலித்திருக்கிறது.

தனியாகப் போராட வேண்டியதில்லை. அரசு சுகாதாரக் கிளினிக்குகளில் புகைநிறுத்தப் பிரிவு இருக்கிறது. வேப் இழுப்பவர்களையும் பார்க்கிறார்கள். நிகோடின் ஒட்டுப் பட்டை, சூயிங்கம், மாத்திரை என்று உங்களுக்குப் பொருந்துவதை அங்கே முடிவு செய்வார்கள்.

கடைசியாக, சாப்பாட்டு நோட்டில் வேப்பை எழுதவா வேண்டாமா?

எழுதுங்கள். கலோரிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இழுத்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். காலை 6.10, 7.00, 7.25, 8.40 என்று. என்னிடம் வந்த ஒரு தம்பி ஒரு நாளைக்கு எழுதிக் காட்டினார். உணவுக்கு நான்கு வரி. வேப்புக்குப் பக்கம் நிரம்பி, ஓரத்தில் செங்குத்தாகவும் எழுதியிருந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பி அவர் பக்கமே வைத்தேன். அவர் அந்த ஓரத்து எழுத்துக்களைத் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார்.